ஊரான் வீட்டுப் புல்லே, என் மாட்டு வாயே!

2014 ஏப்ரல் 12. அமெரிக்காவின் நெவாடா மாநிலம், லாஸ் வேகாஸிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் பங்கர்வில் என்ற சின்ன ஊர். நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் துப்பாக்கியோடு ஆட்கள். கீழே காய்ந்த ஓடைப் படுகையில் மத்திய அரசின் ஊழியர்கள். அவர்களுக்குப் பின்னால் பட்டியில் அடைத்து வைத்த மாடுகள், ஏறத்தாழ 400. குதிரை மேல் ஏறி, கையில் அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்தது ஒரு கூட்டம். சில மணி நேரம் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அரசாங்கம் பட்டியைத் திறந்துவிட்டது. மாடுகள் வந்த வழியே திரும்பிப் போயின.

ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. உலகத்திலேயே வலிமையான ராணுவம் வைத்திருக்கும் அரசாங்கம், மாட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது!

மாட்டுக்குச் சொந்தக்காரர் கிளைவன் பண்டி. ஒரே வாரத்தில் டிவி சேனல்களின் ஹீரோ. தொப்பி, குதிரை, பாலைவனம், பின்னால் பதினான்கு பிள்ளைகள்... ஹாலிவுட் கௌபாய் படத்துக்கு வேறு என்ன வேண்டும்? நெவாடாவின் செனட்டர் டீன் ஹெல்லர் அங்கே கூடியவர்களை தேசபக்தர்கள் என்றார். அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டர் ஹாரி ரீட் உள்நாட்டு பயங்கரவாதிகள் என்றார். சில நாட்களில் பண்டி கறுப்பின மக்களைப் பற்றி, அடிமைகளாக இருந்தபோதே நன்றாக இருந்தார்களோ என்ற பொருளில் பேசியது பத்திரிகையில் வந்ததும், தோளில் தூக்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் மெல்ல இறக்கிவிட்டு நழுவினார்கள். அது தனிக் கதை.

சரி, இவ்வளவு பெரிய சுதந்திரப் போராட்டம் எதற்காக? வாடகை பாக்கி, மக்களே. வாடகை பாக்கி!

யாருடைய புல்?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரும்பகுதி நிலம் தனியாருக்குச் சொந்தமில்லை. நெவாடாவில் மட்டும் ஏறக்குறைய 80 சதவீதம் மத்திய அரசின் நிலம். நம்மூரில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒரு மாநிலத்தின் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரளவு புரியும். யாருடைய பட்டாவும் இல்லை, ஆனால் எல்லாருடைய நிலம்.

1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், நிலத்தில் குடியேறி உழைப்பவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை பெய்யும் ஊரில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதும். நெவாடா பாலைவனத்தில் ஒரு மாட்டுக்கே பல ஏக்கர் வேண்டும். அதனால் பண்ணைக்காரர்கள் தண்ணீர் இருக்கும் இடத்தை மட்டும் சொந்தமாக்கிக்கொண்டு, சுற்றியிருந்த அரசு நிலத்தில் சும்மா மாட்டை ஓட்டினார்கள். யார் முதலில் வந்தாரோ அவருக்குப் புல். பக்கத்துப் பண்ணைக்காரன் மாடு தின்பதற்கு முன் தன் மாடு தின்ன வேண்டும் என்று எல்லாரும் போட்டி போட்டதில், 1930-களில் மிச்சம் இருந்தது மண் மட்டும்தான். அதுவும் காற்றில் பறந்தது.

அப்போதுதான் 1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. கொலராடோவைச் சேர்ந்த எட்வர்ட் டெய்லர் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டு வந்தது. நிலத்தை வட்டாரங்களாகப் பிரி, பண்ணைக்காரருக்கு பர்மிட் கொடு, எத்தனை மாடு எத்தனை மாதம் என்று எண்ணு, ஒரு சிறு கட்டணம் வாங்கு. இவ்வளவுதான். அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி தெளிவாக இருக்கிறது: பர்மிட் கிடைப்பதால் நிலத்தின் மீது எந்த உரிமையும் வந்துவிடாது. இந்த வேலையைப் பார்க்கத்தான் 1946-இல் பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மை அமைப்பு உருவானது. இன்று அதன் கையில் ஏறக்குறைய 24.5 கோடி ஏக்கர். அதில் 15.5 கோடி ஏக்கரில் மாடும் ஆடும் மேய்கின்றன. ஏறத்தாழ 18,000 பர்மிட்டுகளும் குத்தகைகளும் நடப்பில் உள்ளன.

பண்டியின் பாதை எங்கே பிரிந்தது? அந்தப் பாலைவனத்தில் வாழும் நில ஆமை 1990-இல் அழிவின் அபாயத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. ஆமைக்காக மேய்ச்சலைக் குறைக்கச் சொன்னார்கள். பண்டி 1993 முதல் கட்டணம் கட்டுவதையே நிறுத்திவிட்டார். 1998-இல் மத்திய நீதிமன்றம் மாட்டை வெளியே எடுக்கச் சொன்னது. எடுக்கவில்லை. 2013-இல் மறுபடியும் சொன்னது. எடுக்கவில்லை. பாக்கியும் அபராதமும் சேர்ந்து பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. இருபது வருடம் பொறுத்த பிறகு மாட்டைப் பிடிக்க வந்தவர்களைத்தான் 'கொடுங்கோல் அரசு' என்கிறார்கள். இருபது வருடம் வாடகை தராதவனை இவ்வளவு பொறுமையாக நடத்திய வீட்டு ஓனர் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

"அரசாங்கம் எங்களைக் கசக்கிப் பிழிகிறது"

எவ்வளவு பிழிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மாடும் அதன் கன்றும், அல்லது ஒரு குதிரை, அல்லது ஐந்து ஆடுகள் ஒரு மாதம் மேய்வதற்கு ஒரு அலகு. 2025-இல் அந்த ஒரு அலகுக்குக் கட்டணம் 1 டாலர் 35 சென்ட். ஒரு மாதம் முழுக்க! அங்கே ஒரு கப் காபிக்கே இதைவிட அதிகம் கொடுக்க வேண்டும். 2019 முதல் 2025 வரை ஏழு வருடமும் அதே 1.35 தான். அதற்குக் கீழே போகக்கூடாது என்று 1986-இல் ரீகன் ஒரு ஆணை போட்டார். இல்லையென்றால் இன்னும் கீழே போயிருக்கும். கட்டணத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் 1966-ஆம் ஆண்டின் அடிப்படை விலை 1.23 டாலர். 59 வருடத்தில் ஏறியது 12 சென்ட்!

அதே மேற்கு மாநிலங்களில் தனியார் நிலத்தில் மாடு விட்டால் மாதம் 20 டாலருக்கு மேல். 300 மாடு, ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு நிலத்தில் 2,430 டாலர். தனியார் நிலத்தில் குறைந்தது 36,000 டாலர். (தனியார் நிலத்தில் வேலி, தண்ணீர் எல்லாம் நில உரிமையாளர் பார்த்துக்கொள்வார், அரசு நிலத்தில் பண்ணைக்காரர் தலையில் விழும் என்பது உண்மைதான். அதைக் கழித்தாலும் இடைவெளி மலை மாதிரி நிற்கிறது.)

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2005-இல் ஒரு அறிக்கை கொடுத்தது. 2004 நிதியாண்டில் மேய்ச்சல் நிர்வாகத்துக்கு மத்தியத் துறைகள் செலவழித்தது குறைந்தது 14.4 கோடி டாலர். கட்டணமாக வந்தது சுமார் 2.1 கோடி. ஏழில் ஒரு பங்கு. மீதியை யார் கொடுக்கிறார்கள்? மாட்டையே பார்க்காத நியூயார்க் டாக்ஸி டிரைவரும், பாஸ்டன் நர்ஸும் கொடுக்கிறார்கள்.

இதை உயர்த்த யாரும் முயற்சி செய்யவில்லையா? செய்தார்கள். 1993-இல் கிளிண்டன் அமைச்சரவையின் உள்துறைச் செயலர் புரூஸ் பாபிட் முயன்றார். (அங்கே உள்துறை என்றால் போலீஸ் இல்லை, நிலமும் காடும்.) அவரே அரிசோனா பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. மேற்கு மாநில செனட்டர்கள் பேசிப் பேசியே அதைக் கொன்றார்கள். அரசாங்கம் தலையிடவே கூடாது என்று மேடையில் முழங்குபவர்கள்தான், அரசாங்க மானியத்தில் கை வைத்ததும் குதித்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

"அரசியல் சட்டப்படி மத்திய அரசுக்கு நிலமே கிடையாது"

இது பண்டி குடும்பத்தின் பிரம்மாஸ்திரம். அரசியல் சட்டத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். ஆனால் அதன் நான்காம் பிரிவைப் புரட்டியதில்லை போலிருக்கிறது. நாட்டுக்குச் சொந்தமான நிலம், சொத்து பற்றிய விதிகளை வகுக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு என்று அங்கே இருக்கிறது. நெவாடா 1864-இல் மாநிலமானபோது, ஒதுக்கப்படாத பொது நிலத்தின் மீது தனக்கு உரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே வந்தது. நிலம் முதலில் மாநிலத்திடம் இருந்து, பிறகு மத்திய அரசு பிடுங்கிக்கொண்டதாக ஒரு பிரமை. 1848 ஒப்பந்தத்தில் மெக்சிகோவிடமிருந்து வாங்கியதே மத்திய அரசுதான். மாநிலம் அப்போது பிறக்கவே இல்லை.

மத்திய அரசையே ஏற்க மாட்டேன் என்பவர் குதிரை மேல் பிடித்து வந்தது எந்தக் கொடி? அமெரிக்கக் கொடி! என்ன கொடுமை சார் இது?

"சரி, மாநிலங்களிடம் கொடுத்துவிடுங்கள்"

கேட்க நன்றாக இருக்கும். 1979-இல் நெவாடா சட்டமன்றம் இதே கோரிக்கையை வைத்தது. 'சேஜ்பிரஷ் கலகம்' என்று அதற்குப் பெயர். 2012-இல் யூட்டா சட்டம் போட்டது. 2024-இல் யூட்டா 1.85 கோடி ஏக்கருக்காக உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்தது.

மாநிலத்திடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கவே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துப் பார்த்தாயிற்று. நெவாடா மாநிலமானபோதும் பிறகும் பள்ளிகளுக்காகவும் மற்றவற்றுக்காகவும் கிடைத்த நிலம் ஏறக்குறைய 27 லட்சம் ஏக்கர். இன்று மாநிலத்தின் கையில் அதில் மிச்சம் சுமார் 3,000 ஏக்கர். மீதி எல்லாம் எங்கே? விற்றாயிற்று! மாநில அரசு பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் விலை போவது நிலம்தான். வாங்குபவர் கோடீஸ்வரராக இருப்பார், சுற்றி வேலி போடுவார், 'உள்ளே வராதே' என்று போர்டு வைப்பார். அப்போது பண்டியின் பேரன் மாட்டை எங்கே ஓட்டுவான்? மாதம் 1.35 டாலருக்கு விடுவாரா அந்தக் கோடீஸ்வரர்?

இது பண்ணைக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் நிலத்தை மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம் அவர்களில் பலர் மௌனம். 2025 ஜூனில் யூட்டா செனட்டர் மைக் லீ பொது நிலத்தில் ஒரு பகுதியை விற்கும் திட்டத்தை பட்ஜெட் மசோதாவில் நுழைக்கப் பார்த்தார். எதிர்த்து நின்றவர்கள் சுற்றுச்சூழல்காரர்கள் மட்டும் இல்லை. வேட்டைக்காரர்கள், தூண்டில் போடுபவர்கள், குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போடும் மலைவாழ் மாநிலத்து மக்கள்! மாத இறுதிக்குள் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த நிலம் தங்களுடையது என்று மக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அரசாங்கம் யோக்கியமா?

இல்லை. இதையும் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை.

ஓரிகன் மாநிலத்தில் ஹாமண்ட் என்ற தந்தையும் மகனும். தங்கள் பண்ணைக்கு அருகே வைத்த தீ அரசு நிலத்துக்குப் பரவியது. 2001-இல் எரிந்தது 139 ஏக்கர். வழக்குப் போட்டது எந்தச் சட்டத்தின் கீழ்? 1996-இன் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம்! குறைந்தபட்ச தண்டனையே ஐந்து வருடம். விசாரித்த நீதிபதி, இது மனசாட்சிக்கு ஒவ்வாது என்று தந்தைக்கு மூன்று மாதம், மகனுக்கு ஒரு வருடம் என்று கொடுத்தார். அரசு மேல்முறையீடு செய்து, அவர்கள் அதை அனுபவித்து வெளியே வந்த பிறகு மறுபடியும் உள்ளே தள்ளியது. 2018-இல் டிரம்ப் மன்னித்தார். இந்த ஒரு விஷயத்தில் பண்ணைக்காரர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

பண்டி வழக்கும் அப்படித்தான். அரசு வழக்கறிஞர்கள் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிய ஆதாரங்களை மறைத்தார்கள். 2018 ஜனவரியில் நீதிபதி குளோரியா நவாரோ வழக்கையே தள்ளுபடி செய்தார், மறுபடி போட முடியாதபடி. தப்பு யாருடையது? அரசாங்கத்தினுடையதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கு விழுந்ததால் வாடகை பாக்கி பொய்யாகிவிடாது. போலீஸ் சொதப்பினால் திருட்டு தானமாக மாறிவிடுமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. சட்டப்படி பர்மிட் சொத்து இல்லை. ஆனால் பண்ணையை விற்கும்போது பர்மிட்டோடு சேர்த்துத்தான் விலை பேசுகிறார்கள். பேங்க்காரரும் அதை நம்பித்தான் கடன் கொடுக்கிறார். முழு விலை கொடுத்துப் பண்ணை வாங்கிய சிறு குடும்பத்துக்கு, கட்டணம் ஒரே நாளில் பத்து மடங்கானால் கதை முடிந்தது. அவர்களுடைய பயம் நிஜம். ஆனால் அவர்கள் துப்பாக்கி தூக்கவில்லை. வருடா வருடம் பில் கட்டுகிறார்கள், வறட்சி என்றால் மாட்டைக் குறைக்கிறார்கள். பண்டி ஜெயித்த அன்று முதலில் தோற்றவர்கள் இவர்கள்தான். ஒழுங்காகக் கட்டுபவன் ஏமாளி, கட்டாதவன் மாவீரன் என்று ஆகிவிட்டது இல்லையா?

மாமியார் உடைத்தால் மண்குடம்

இப்போது முக்கியமான விஷயம். பண்டியின் வாதத்தில் மக்களின் மனதைத் தொடுவது ஒன்றே ஒன்று: "இது எங்கள் முன்னோர்களின் நிலம்." தாய்வழி மூதாதையர் 1877 முதல் அந்தப் பக்கம் இருந்தார்கள் என்கிறார். இருக்கட்டும். ஆவணங்களின்படி குடும்பம் அந்தப் பண்ணையை வாங்கியது 1948-இல்.

முன்னோர் கணக்கில்தான் நியாயம் என்றால், அதே நெவாடாவில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். மேரி டான், கேரி டான். மேற்கு ஷோஷோனி பழங்குடியினர். கிரசென்ட் பள்ளத்தாக்கில் மாடும் குதிரையும் வளர்த்தார்கள். 1863-இல் ரூபி பள்ளத்தாக்கில் அமெரிக்க அரசும் ஷோஷோனிகளும் போட்டது சமாதான ஒப்பந்தம். நிலத்தை எழுதிக் கொடுத்ததாக அதில் எங்கும் இல்லை. எனவே, தங்கள் நிலத்தில் மேய்க்க யாரிடம் பர்மிட் வாங்க வேண்டும் என்று கேட்டார்கள் சகோதரிகள். 1974-இல் அரசு அத்துமீறல் வழக்குப் போட்டது.

அரசின் பதில் என்ன தெரியுமா? குடியேறிகள் வந்து வந்து, நிலம் 'படிப்படியான ஆக்கிரமிப்பு' மூலம் ஷோஷோனிகளின் கையை விட்டுப் போய்விட்டதாம்! எந்தப் போரும் இல்லை, விற்பனைப் பத்திரமும் இல்லை. போன நாளாக 1872-ஐ வைத்துக்கொண்டு, அந்த வருடத்து விலைக்கு 2.4 கோடி ஏக்கருக்குச் சுமார் 2.6 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஏக்கருக்கு ஒரு டாலர் சொச்சம். ஷோஷோனிகள் பணத்தை வாங்க மறுத்தார்கள். பணம் போய்ச் சேர்ந்தது அரசின் உள்துறைச் செயலரிடம், காப்பாளர் என்ற முறையில். அதாவது அரசே அரசுக்குக் கொடுத்தது. 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அதுவே போதும், பணம் கொடுத்தாயிற்று!

2002 செப்டம்பரில் ஆயுதம் தாங்கிய அரசு ஊழியர்கள் வந்து டான் சகோதரிகளின் 232 மாடுகளை ஓட்டிப்போய் ஏலம் விட்டார்கள். 2003-இல் குதிரைகளையும் பிடித்தார்கள். அதே பி.எல்.எம். அதே நெவாடா. அமெரிக்காவே உறுப்பு நாடாக இருக்கும் அமைப்பின் மனித உரிமை ஆணையம், சகோதரிகளின் உரிமை மீறப்பட்டது என்று 2002-இல் சொன்னது. அமெரிக்கா கண்டுகொள்ளவில்லை. பாலத்தின் மேல் யாரும் துப்பாக்கியோடு நிற்கவில்லை. செனட்டர்கள் தேசபக்தர்கள் என்று பாராட்டவில்லை. மேரி 2005-இல் இறந்தார். கேரி 2021-இல் இறந்தார். மாடுகள் திரும்பவே இல்லை.

பண்டியின் மாடுகளோ, 2014-க்குப் பத்து வருடம் கழித்தும் அதே அரசு நிலத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

2016 ஜனவரியில் பண்டியின் மகன் அமன் தலைமையில் ஒரு கூட்டம் ஓரிகனில் மால்ஹூர் பறவைகள் சரணாலயத்தை 41 நாள் பிடித்து வைத்துக்கொண்டது. நிலத்தை 'மக்களிடம் திருப்பிக் கொடுக்க' என்றார்கள். பர்ன்ஸ் பையூட் பழங்குடித் தலைவர்கள் எரிச்சலோடு கேட்டார்கள், எந்த மக்களிடம் என்று. அந்த இடம் அவர்களுடைய மூதாதையர் வாழ்ந்த மண். அவர்களுக்கென்று 1872-இல் ஒதுக்கிய நிலத்தை, 1878 போருக்குப் பிறகு பிடுங்கியவர்கள் பட்டியலில் மாட்டுப் பண்ணைக்காரர்களும் உண்டு. அந்த முற்றுகையில் லவாய் ஃபினிகம் என்ற பண்ணைக்காரர் போலீஸ் சுட்டுச் செத்தார். தலைவர்கள் உள்ளிட்ட ஏழு பேர் அதே வருடம் அக்டோபரில் விடுதலை ஆனார்கள்.

அப்போ என்னதான் செய்வது?

1. சட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். டான் சகோதரிகளின் மாட்டைப் பிடிக்கத் தெரிந்த அரசுக்கு, பண்டியின் மாட்டையும் பிடிக்கத் தெரிய வேண்டும். முடியாது என்றால் முதலில் ஷோஷோனிகளிடம் கணக்குத் தீர்க்க வேண்டும்.

2. கட்டணத்தைப் படிப்படியாக, பத்து வருடத்தில், சந்தை விலைக்குப் பக்கத்தில் கொண்டு வர வேண்டும். சிறு பண்ணைகளுக்கு சலுகை கொடுக்கலாம். தவறில்லை. ஆனால் அது மானியம் என்று பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். மானியத்துக்கு 'சுதந்திரம்' என்று பெயர் வைக்கக் கூடாது.

3. விருப்பப்பட்ட பண்ணைக்காரர் பர்மிட்டை நல்ல விலைக்கு விட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் மேய்ச்சலை நிரந்தரமாக நிறுத்த வழி வேண்டும். ஆமையும் பிழைக்கும், பேங்க் கடனும் அடையும்.

4. தீ பரவியதற்குப் பயங்கரவாதச் சட்டம் என்பது போன்ற அபத்தங்களை நிறுத்த வேண்டும். ஆதாரத்தை மறைக்கும் அரசு வழக்கறிஞர், பத்து துப்பாக்கிக்காரர்களைவிடப் பண்டிக்குப் பெரிய உதவி செய்தார்.

பொது நிலம் என்பது விசித்திரமான சொத்து. எல்லாருக்கும் சொந்தம் என்பதால் காவல் காக்க யாரும் இல்லாதது போல இருக்கும். முதலில் மேய விட்டவன் தனதென்பான், துப்பாக்கி வைத்திருப்பவன் தனதென்பான், விற்கத் துடிப்பவன் மாநிலத்தினது என்பான். அதற்கு முன்பே அங்கே இருந்தவர்களுக்குக் கிடைத்தது ஏக்கருக்கு ஒரு டாலர். அதையும் அவர்கள் வாங்க மறுத்தார்கள்.

மாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குப் புல் மட்டும்தான் தெரியும். புல் யாருடையது என்று தெரிய வேண்டியது மாட்டுக்காரருக்கு.

டிஸ்கி: மாட்டுக்கறி சாப்பிடலாமா கூடாதா என்பது வேறு சண்டை. அதை இங்கே இழுக்க வேண்டாம் :-)